பேரிடரில் உதவும் அமெச்சூர் வானொலி

கம்பியில்லாச் செய்தித் தொடர்பை ஊதியம் கருதாது ஆர்வத்தால் பயில்வோரை ‘ஹாம்’ என அழைப்பர். அவர்களது அமெச்சூர் வானொலி, பேரிடர்க் காலத்தில் உயிர்காக்கும் தொண்டாக மாறுவதை இக்கட்டுரையில் காண்போம்.

கையில் செல்பேசி இருக்க வானொலி எதற்கு என்னும் ஐயம் எழலாம். செல்பேசி தனித்து இயங்குவதன்று. கோபுரம், மின்சாரம், கண்ணாடி இழை வடம், இணைப்பகம் ஆகியவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் பேச்சு நின்றுவிடும். ஹாம் நிலையத்திற்கோ ஒரு கருவியும், 12 வோல்ட் மின்கலமும், இரு பனைகளுக்கிடையே கட்டிய சுமார் 20 மீட்டர் கம்பியும் இருந்தாற் போதும்.

இதற்குச் சான்று 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் வந்திருந்த குழுவினர், அந்நாளில் போர்ட் பிளேயர் எனப்பட்ட அந்தமான் தலைநகரிலிருந்து உலக ஹாம்களோடு பேசிவந்தனர். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது. தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், அக்குழுவினரே தீவினரின் நலச் செய்திகளைத் தாய்நிலத்திற்கு அனுப்பினர். இலங்கையிலும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு ஹாம்களே இணைத்தனர்.

நம் மாவட்டத்திற்கும் இத்தேவை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரசூரில் வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. சாலை துண்டிக்கப்படும்போது, செய்தியேனும் சென்று சேர வேண்டாமா?

மேல்மலையனூரை எடுத்துக்கொள்வோம். அங்காளம்மன் திருக்கோயிலுக்கு அமாவாசைதோறும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். அவ்வூருக்கும் விழுப்புரத்திற்கும் இடையே செஞ்சிக் குன்றுகள் நிற்கின்றன. கையடக்கக் கருவியின் மிகை அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால் குன்றுகள் அவற்றைத் தடுக்கும். ஆயினும், உயர்ந்த இடத்தில் அமைக்கப்படும் மறுபரப்பி நிலையம் அவ்வலைகளை வாங்கி அப்பால் அனுப்பவல்லது. 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைகளோ வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, குன்றுகளைத் தாண்டி இறங்கும்.

எனினும், கருவியைவிடப் பயிற்சியே முதன்மையானது. பேசுமுன் கேட்டல், கட்டுப்பாட்டு நிலையம் அழைத்தபின் பேசுதல், செய்தியைச் சுருக்கி நேரம், இடம், எண்ணிக்கையோடு கூறுதல், பெற்றவர் அதனைத் திரும்பப் படித்துக் காட்டல் ஆகியவை ஹாம்களின் ஒழுக்கம். ‘பலர் சிக்கியுள்ளனர்’ என்பதால் பயனில்லை. ‘பள்ளி மாடியில் 14 பேர், அவருள் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, படகு தேவை’ என்பதே மீட்புக் குழுவினர்க்கு உதவும்.

இப்பணிக்கு மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெறுதல் வேண்டும். வானொலிக் கோட்பாடும் விதிகளும் அதில் வினவப்படும். உரிமம் பெற்றவர்க்குத் தனி அழைப்புக் குறி வழங்கப்படும். வணிகத்திற்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

புயல் எச்சரிக்கை வந்தபின் கற்றுக்கொள்ளத்தக்க கலை அன்று இது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊருக்கு இருவரேனும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். உயிர்காத்தல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அறம். அவ்வறத்திற்கு நம் கல்லூரி மாணவர்கள் தம் குரலைப் பழக்குவார்களாக!