பூனைகளின் குடற்பூஞ்சைத் தொற்று: கண்டறிதலும் மருத்துவமும்

கோயம்புத்தூரில் வயிற்றுப்போக்குடன் மருத்துவரிடம் வரும் பூனையின் மலத்தில் ஈஸ்ட் தென்பட்டதும் பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தொடங்குவது பிழையாகலாம். காண்டிடா நலமுள்ள பூனையின் குடலிலும் வாழ்வதே. அது குடற்சுவருக்குள் ஊடுருவியுள்ளதைத் திசு ஆய்வே உறுதிசெய்யும். கொங்கு நாட்டில் அதற்குரிய நோயியல் அறிவு 1985இல் தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் உண்டு.

ஊடுருவலுக்குப் பெரும்பாலும் வேறொரு நோயே வழிதிறக்கிறது. பான்லூக்கோபீனியா வைரசு குடலின் உட்படலத்தைச் சிதைத்து வெள்ளையணுக்களையும் குறைக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸும் காண்டிடாவும் அவ்வழியே நுழைகின்றன. நெடுநாள் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு ஆகியவற்றின் விளைவும் ஏறத்தாழ இதுவே. முதற்காரணத்தை விடுத்துப் பூஞ்சையை மட்டும் துரத்தினால் பூனை பிழைப்பதரிது. ஹிஸ்டோபிளாஸ்மா இதற்கு விலக்கு: அது நலமுள்ள பூனையையும் தாக்கவல்லது. அதற்கு இட்ராகோனசோலைப் பல திங்கள் கொடுக்கவேண்டும். அக்காலமெல்லாம் கல்லீரல் நொதிகளை அளந்துவருதல் இன்றியமையாதது. கடுநிலையில் தரப்படும் ஆம்போடெரிசின்-பி சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லதாதலின், கிரியாட்டினின் அளவறியாது அதைச் செலுத்தலாகாது.