வீட்டுக்கு ஒரு காபி இயந்திரம் தேடினோம்

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். சாயாக் கடை மாறாது. விளவங்கோட்டிலும் அது சாயாதான், பாறசாலையிலும் சாயாதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருந்ததால் பேச்சும் சாப்பாடும் அந்தக் கோட்டை மதித்து நடக்கவில்லை. கருப்பட்டிக் காபியும் சுக்குக் காபியும் இந்தப் பக்கத்து மண்ணுக்கும் உரியவைதாம். ஆனால் டிகாக்‌ஷன் இறக்கிப் பால் கலந்த காபி மட்டும் எங்களைப் போல் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வீடுகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. வழியோரச் சாயாக் கடையில் காபி கேட்டால் பெரும்பாலும் சூடான பாலில் உடனடிப் பொடியைக் கலக்கித் தருவார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. அது வேறு பானம்.

எங்கள் வீட்டில் அந்தக் காபி ஒரு கட்டத்தில் பித்தளை பில்டரை விட்டு இயந்திரத்துக்கு மாறியது. நாகரிக மோகம் என்று உறவினர் சிலர் கேலி செய்தார்கள். காரணம் என் தாயாரின் கை. எண்பத்தொரு வயதில் விரல் மூட்டுகள் வீங்கி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி பில்டரில் ஊற்றுவது ஆபத்தாகிவிட்டது. இறுகிக்கொண்ட பில்டரின் மேல் அடுக்கைத் திருகி எடுப்பதும் முடியவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஓர் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் கொண்டுவந்தான். பச்சைத் தண்ணீரை ஊற்றி, பொடியை வைத்து, பொத்தானை அழுத்தினால் போதும். அன்று முதல் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா தன் காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு விளக்கேற்றுவார். ஒன்பது ஆண்டுகள் அப்படி நடந்தது.

இயந்திரம் நின்ற மறுநாள் ஆறு மணிக்கு நான் எழுந்து வந்தபோது அம்மா இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல மக்களே, நீங்க எழும்பின பொறவு போதும்" என்றார். நாலரை மணிக்கே எழுந்தவர் ஒன்றரை மணி நேரம் அடுத்தவர் எழுவதற்காகக் காத்திருக்கிறார். என் மனைவி, "நாளைக்கே வேற வாங்கணும்" என்றாள். நாளைக்கே வாங்க முடியவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. அதில் அறிந்துகொண்டவை நம் வாசகர்களில் சிலருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழுது பார்க்க முயன்றோம். வெளிநாட்டில் வாங்கிய பொருளைத் தொடமாட்டோம் என்று கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையம் கைவிரித்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் மிக்ஸி, கிரைண்டர் சரிசெய்யும் ஒருவர் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். பம்ப் நல்ல நிலையில் இருந்தது. இதுபோன்ற வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் ஒரே வகையான சிறிய அதிர்வு பம்ப்தான் இருக்கிறது. அது போனாலும் வேறு வாங்கி மாட்டிவிடலாமாம். கெட்டிருந்தது தண்ணீர் சூடாகும் அலுமினியக் கொதிகலன். உள்ளே அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக அரித்து, ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

காபி இயந்திரம் பற்றிப் படித்தால் எங்கும் 'சுண்ணாம்புப் படிவு, சுண்ணாம்புப் படிவு' என்றே எழுதியிருக்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு அது சரி. எங்கள் செம்மண், வெட்டுக்கல் பூமியில் கதை நேர்மாறு. கேரளத்தில் வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு குறைவு, அமிலத் தன்மை சற்று அதிகம். குடிநீரின் பி.எச். அளவு 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணற்று நீரைச் சோதித்ததில் 6-க்கும் கீழே இருந்தது. இத்தகைய தண்ணீர் படிவு உண்டாக்காது. உலோகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே எங்களுக்கு அலுமினியக் கொதிகலன் இனி ஆகாது, தண்ணீர் போகும் வழி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் தங்கள் தண்ணீரைத் தனியாகச் சோதித்துக்கொள்வது நல்லது. ஐந்தாறு மைல் தள்ளினாலே தண்ணீரின் குணம் வேறு.

இந்த இயந்திரத்தின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்தேன். இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியொண்டோ 1884-இல் நீராவியால் காபி இறக்கும் கருவிக்கு உரிமம் பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901-இல் அதை ஒவ்வொரு கோப்பையாக இறக்கும்படி திருத்தினார். நீராவி அழுத்தம் மட்டும் போதாது என்று கண்டு, விசைக்கம்பியால் அழுத்தம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அக்கீலே காஜ்ஜியா. காபியின் மேல் பொன்னிற நுரை கட்டியது இவருடைய முறையில்தான். இன்று நல்ல எஸ்பிரஸ்ஸோவுக்கு ஒன்பது பார் அழுத்தம் என்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். அதாவது எங்கள் ஊர்க் கிணறுகளில் ஒன்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. பித்தளை பில்டரில் தண்ணீர் தன் எடையாலேயே கால்மணி நேரம் சொட்டுகிறது. இதில் இருபத்தைந்து முப்பது விநாடியில் வேலை முடிகிறது. நம் கல்யாண வீடுகளில் 'எஸ்பிரஸ்ஸோ காபி' என்று பளபளக்கும் செம்பு உருளையில் சீறிக்கொண்டு தந்தார்களே, அது பாலை நீராவியால் நுரைக்க வைத்து உடனடிப் பொடி கலந்தது. இத்தாலிக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. எனக்கு அது இன்றும் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

கடைகளில் முதலில் சொல்வது 'பதினைந்து பார்', 'இருபது பார்' என்பதுதான். அது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். கோப்பைக்கு வேண்டியது ஒன்பது. பதினைந்தைவிட இருபது உயர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஐயாயிரம் ரூபாய் அளவில் விற்கும் மலிவான சில கருவிகளில் பம்பே கிடையாது; நீராவியே தண்ணீரைத் தள்ளுகிறது. அவற்றில் மூடியை ஒவ்வொரு முறையும் இறுகத் திருக வேண்டும். இத்தாலியில் 1933-இல் வந்த மோக்கா பாத்திரமும் அப்படியே. அது பெரும்பாலும் அலுமினியம் வேறு. விரல் மூட்டு நோவுள்ளவருக்கு இவை எதுவும் சரிவராது. காபி அடைத்த சிறு குப்பிகளைப் போட்டால் தானே இறக்கும் கருவி கைக்கு மிகவும் எளிது. ஆனால் குப்பி ஒன்றின் விலையில் எங்கள் வீட்டில் நான்கு டம்ளர் காபி ஆகும். ஓய்வூதியத்தில் வாழும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. தவிரவும், அதில் எங்கள் பொடி இல்லை.

பொடி விஷயம் சின்ன விஷயமல்ல. அம்மாவுக்குச் சிக்கரி வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது சிக்கரி 49 சதவீதம்வரை போகலாம். எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் தூய காபிக்கு ஏற்பட்டது. சிக்கரி நனைந்தால் பிசின்போல் ஒட்டி வழியை அடைக்கிறது. பழைய இயந்திரத்திலேயே நாங்கள் பார்த்த அனுபவம்: ஐந்தில் ஒரு பங்கு சிக்கரியானால் ஒழுங்காக இறங்கும், பாதிக்குப் பாதியானால் பம்ப் முனகும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரைத்து வாங்கும்போது பில்டருக்கு அரைப்பதுபோல் அரைத்து, சிக்கரி ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாமல் கேட்டு வாங்குகிறோம். அம்மாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. "கொழுப்பு போதாது" என்பார், குடிப்பார்.

மகன் இன்னொன்று அனுப்புகிறேன் என்றான். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகளும் நல்லதாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றாள். இருவருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அமெரிக்கப் பொருள் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடையது 230. ஆயிரத்து முந்நூறு வாட் இழுக்கும் கருவிக்கு மின்மாற்றி வாங்கினால் அதுவே கருங்கல்போல் கனக்கும், விலையும் ஆகும். ஓமானிலிருந்தோ துபாயிலிருந்தோ வருவதில் வோல்ட் தொல்லை இல்லை, பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் ரப்பர் வாஷர் ஒன்று தேய்ந்தாலும் இங்கே கிடைக்காமல் திண்டாட வேண்டும். பிள்ளைகள் ஆசையாக அனுப்புவதைத் தடுப்பது சங்கடம்தான். வாஷரும் சல்லடையும் இங்கே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த அளவு மின்சாரம் கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர். சிறிய ஐந்து, ஆறு ஆம்பியர் பிளக்கில் செருகாமல் பெரிய பிளக்கில் செருகுவதே நல்லது. மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் இதை இழுக்காது.

கடைசியில் அம்மாவையே பாறசாலையிலிருந்து ரயிலில் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனோம். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் சற்று உட்கார்ந்தோம். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தில் தரையே சரிவாக ஏறுவதால் முதல் மேசையிலேயே அம்மாவை அமர்த்தினோம். தொழிலாளர் கூட்டுறவாக 1958-இல் திருச்சூரில் தொடங்கிய காபி ஹவுஸ் வரிசையில் அதுவும் ஒன்று. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கொடுக்கலாம்" என்றார். அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு.

கடையில் விற்பனையாளர் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி அவரை நிறுத்தி, "அத்தை கையில கொடுங்க" என்றாள். பொடி வைக்கும் கைப்பிடியை இயந்திரத்தில் மாட்டி வலப்பக்கம் இறுக்க வேண்டும், தேர்வே அதில்தான். அம்மா நான்கு இயந்திரங்களில் முயன்றார். இரண்டில் முடியவே இல்லை. ஒன்றில் முடிந்தது, ஆனால் இயந்திரமே கூடச் சுழன்றது. விலை குறைந்தவை எடையும் குறைந்தவை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திருக வேண்டியிருக்கிறது. நான்காவதில் கைப்பிடி நீளம். நீளம் கூடினால் பலம் குறைவாகப் போதும் என்பது ஏற்றம் இறைத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஃகுக் குழாய் வழியாகத் தண்ணீர் சூடாகும் வகை. உதிரிப் பாகங்கள் நகரத்திலேயே உண்டு. பதினான்காயிரம் ரூபாய் ஆயிற்று. நாங்கள் நினைத்ததைவிட நாலாயிரம் கூடுதல். மகன் பாதியைத் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான், வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து ஆசாரியை அழைத்து அடுக்களைக் கல்லின்மேல் ஒரு மரச்சட்டம் அடிக்கச் சொன்னோம். இயந்திரம் அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒற்றைக் கையால் திருகலாம். பாலுக்கும் அம்மா அடுப்பைப் பற்றவைப்பதில்லை. நீராவிக் குழாயிலேயே காய்ச்சுகிறார். குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீரை முதலில் ஒரு கிண்ணத்தில் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பால் நீர்த்துவிடும். குழாயை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். இவற்றை நான் சொல்லிக்கொடுக்கப் போனபோது, "ஒன்பது வருசமா போடுறவளுக்கா படிச்சுத் தாற?" என்று கேட்டார்.

இப்போது நாலரை மணிக்குப் பம்பின் உறுமல் கேட்கிறது. என் மனைவிக்குத் தூக்கம் கலைகிறது. பழைய இயந்திரம் இவ்வளவு சத்தம் போடாது என்கிறாள். ரப்பர் வாஷர் இரண்டு கூடுதலாக வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். அலமாரியின் மேல்தட்டில் இருந்த பித்தளை பில்டரைப் புளி போட்டுத் தேய்த்து அம்மா தன் கண்ணில் படும்படி கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். மின்சாரம் இல்லாத நாட்களில் என் மனைவி அதில் டிகாக்‌ஷன் இறக்குகிறாள். அன்றைக்கு மட்டும் சிக்கரி பாதிக்குப் பாதி.