மருத்துவர் பற்றாக்குறையும் ஊவாத் தோட்ட மக்களின் உரிமைகளும்

பதுளை, மொனராகலை மாவட்டங்கள் அடங்கிய ஊவா மாகாணத்தில் மருத்துவர் பற்றாக்குறைக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கையெங்கும் நிகழ்ந்த மருத்துவர் வெளியேற்றம். மற்றது, தோட்டப் புறங்களில் தலைமுறைகளாகத் தீராத குறை.

மருத்துவர்கள் ஏன் போகிறார்கள்?

ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது, விலைவாசி ஏறியது, 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் எனச் சென்றனர். அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் சிறுவர் விடுதி ஒன்று 2023இல் மருத்துவரின்றி மூடப்பட்டது. மருத்துவர்களின் விசேட கொடுப்பனவை 2024இல் 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக அரசு உயர்த்தியும் வெளியேற்றம் நிற்கவில்லை.

நகரத்தில் ஒருவர் விலகினால் மற்றவர்கள் பணியைப் பகிர்ந்துகொள்வர். ஒன்றிரண்டு மருத்துவர்களை நம்பி நடக்கும் பிரதேச வைத்தியசாலையில் அது முடியாது. ஆதார வைத்தியசாலையிலும் மயக்க மருந்து நிபுணர் இல்லாவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தும் சத்திரசிகிச்சை நடக்காது. நோயாளி தியத்தலாவைக்கோ பதுளைக்கோ அனுப்பப்படுவார்.

தோட்டங்களின் நிலை

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் நோயுற்ற தொழிலாளரைக் கவனிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கினாலும் முழுமையடையவில்லை. இன்றும் பல தோட்டங்களில் மருந்து கொடுப்பவர் தோட்ட வைத்திய உதவியாளரே. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர்.

ஆபத்துகள்

வைத்தியசாலைக்குப் போகும் நாளில் நாட்சம்பளத் தொழிலாளிக்குப் பேர் விழாது; அன்றைய சம்பளம் கிடைக்காது. ஓட்டோச் செலவு வேறு. அதனால் நோய் முற்றும்வரை பொறுத்திருப்பதும், சீட்டின்றி பாமசியில் மருந்து வாங்குவதும், பதிவில்லாத வைத்தியரை நாடுவதும் வழக்கமாகின்றன. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளினிக்கைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உரிமைகளும் வழிகளும்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தோட்டத்தில் வசிப்பதைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. தமிழும் அரச கரும மொழி. தமிழில் சேவை மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பாரபட்சம் காட்டப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை நாடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அவசர நேரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டப் பெயரோடு பிரிவையும் அருகிலுள்ள பெருந்தெருவையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் பத்திரமாக வைத்திருந்தால் புதிய மருத்துவரிடமும் சிகிச்சை தடையின்றித் தொடரும்.

வைத்தியசாலையில் எத்தனை பதவிகள் அனுமதிக்கப்பட்டுள்ளன, எத்தனை வெற்றிடமாக உள்ளன என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழும் போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழும் இயங்குவதால், கோரிக்கை உரிய இடத்துக்குப் போக வேண்டும். பிரதேச வைத்தியசாலை பற்றிய முறைப்பாட்டைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதலாம்.

வாய்மொழி முறைப்பாட்டுக்குப் பதிவு இல்லை. தொழிற்சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் படித்த இளைஞர்களும் முன்வந்து, தங்கள் வைத்தியசாலையின் வெற்றிடங்களை எழுத்தில் கேட்டுப் பெற்று, அவற்றை நிரப்பும்வரை தொடர்ந்து வலியுறுத்த வேண்டும்.