சொல்லிக்கொடுக்காமலே படிக்கிற பாடம்

வீட்டுக்கு யாராவது வந்தால், "அம்மாடி, மாமாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடு" என்று பெண் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். பையனும் அதே கூடத்தில் செல்போனோடு உட்கார்ந்திருப்பான். அவனிடம் சொல்லக்கூடாது என்று யாரும் முடிவெடுத்ததில்லை. வாய் தானாக அவள் பெயரைச் சொல்கிறது. இதில் பாடம் படிப்பவர்கள் இரண்டு பேர். எழுந்து போகிறவள் ஒருத்தி. தான் எழ வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்கிறவன் ஒருவன். ஆண்-பெண் பாகுபாடு என்று பேச்செடுத்தால் நம் கவலையெல்லாம் அவளைப் பற்றியே இருக்கிறது. அவனை விட்டுவிடுவதால்தான் இந்தப் பாடம் தலைமுறை தாண்டி வருகிறது என்பது என் எண்ணம்.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தான் ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரியும். அதற்குப் பிறகு தன்னைப் போன்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடும். அதற்கும் முன்பே பெரியவர்களின் கண் அதை வகைபிரித்து வைத்திருக்கிறது. 1976-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. திறந்ததும் பெட்டியிலிருந்து குதித்தெழும் பொம்மையைக் கண்டு ஒன்பது மாதக் குழந்தை ஒன்று அழுகிறது. அந்தப் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதைக் கோபம் என்றார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் பயம் என்றார்கள். குழந்தையும் ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான்.

நம் வீடுகளில் இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும் பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். அதே காயத்தோடு வரும் பெண்ணிடம் "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" என்கிறோம். திருவிழாக் கடையில் அவளுக்குச் செப்புச் சாமான், அவனுக்குத் துப்பாக்கி. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐந்து வயதில் தங்கள் பாலினத்தவரும் மகா புத்திசாலிகள்தான் என்று நம்பிய சிறுமிகள், ஆறேழு வயதில் அந்த நம்பிக்கையை இழக்கத் தொடங்குவதைக் கண்டது. 'ரொம்பப் புத்திசாலிகளுக்கான' விளையாட்டு என்றால் அவர்கள் ஒதுங்கவும் செய்தார்கள். நம்மூர்க் கணக்கில் அது ஒன்றாம் வகுப்பு.

வாய்ச்சொல்லை விடப் பெரிய பாடம் கண்ணால் காண்பது. இந்தியாவில் 2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களின் ஒருநாள் பொழுது பதிவானது. பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்று சம்பளமில்லாத வீட்டு வேலை செய்திருந்தார்கள்; ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்த பெண்கள் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். "ஆணும் பெண்ணும் சமம்" என்று பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

பெண் பிள்ளைக்கு இதனால் வரும் இழப்பு படிப்பு நேரத்தில் தொடங்குகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. அதனால் மாலை முழுக்கப் பாத்திரமும் தம்பியுமாகக் கழிக்கிறவளைச் சட்டத்தின் கண் பார்ப்பதில்லை. வயதுக்கு வந்ததும் விளையாட்டுத் திடல் பறிபோகிறது. "இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று கேட்டே வளர்கிறவள், சொத்து அண்ணனுடையது என்று தானே நம்பிவிடுகிறாள். பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005-ல் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிற பெண்கள் எத்தனை பேர் நம் குடும்பங்களில்! மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட, 13 மாநிலங்களில் நடந்த ஆய்வில், சிறுமிகளில் 48.4 விழுக்காட்டினர் தாங்கள் ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று விரும்பியதாகச் சொன்னார்கள்.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணை நாம் அதிகம் பேசுவதில்லை. பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் பையன்கள். "பையனுக்கு என்ன ஆகிடப் போவுது?" என்ற அலட்சியமும், அழக்கூடாது என்ற கட்டளையும் சேர்ந்து அவன் வாயை அடைத்துவிடுகின்றன. வலியை வெளியே சொல்லக்கூடாது என்று பழகியவனுக்குக் கடைசியில் கோபம் ஒன்றைத்தான் காட்டத் தெரிகிறது. அதைத் தாங்க வேண்டியவள் பிறகு அவன் மனைவி. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. 18 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அது பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரியது. பையன் விஷயம்தானே என்று குடும்பத்துக்குள் பேசி முடிப்பதும் மறைப்பதுதான்.

பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்பின் 51-ஏ பிரிவு சொல்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றது. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற வார்ப்புகளைப் பாடநூலிலிருந்து நீக்கச் சொல்கிறது அதன் 10-ஆம் பிரிவு. பழக்கவழக்கங்களை மாற்றச் சொல்லும் 5-ஆம் பிரிவை ஏற்கும்போது, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அதன் சம்மதமின்றித் தலையிட மாட்டோம் என்று நம் அரசு சேர்த்துச் சொன்னது. பள்ளிக்கூடம் வரை வரலாம், வீட்டு வாசலில் நின்றுகொள் என்பதுபோல.

பள்ளிக்கூடம் வரை வந்தாலும் பலன் இருக்கிறது. கேரளம் 2024-ல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படத்தைப் போட்டது. ஹரியானாவில் ஏழு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, இரண்டரை ஆண்டுகள் ஆண்-பெண் சமத்துவத்தைப் பற்றியே அவ்வப்போது கலந்துரையாட வைத்தார்கள். 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு இதன் விளைவை அளந்தபோது பிள்ளைகளின் எண்ணம் மாறியிருந்தது. நடத்தையில் கூடுதல் மாற்றம் பையன்களிடம். வீட்டு வேலையில் கைகொடுப்பதாக அவர்களே சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் அது மறையவில்லை.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்தது இன்னும் சுவையானது. பெண்கள் இரண்டு முறை ஊராட்சித் தலைவரான ஊர்களில், வளரிளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் இடையே படிப்பில் இருந்த இடைவெளி மறைந்துபோனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் தர 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்தால், பிள்ளைகள் அதையும்தான் பார்க்கிறார்கள்.

பெற்றோர் கையில் இருக்கும் கருவி பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வகுப்பைக் கூட்டுவது யார், பெஞ்சு தூக்குவது யார், திடல் யாருக்கு எத்தனை நாள் என்று அங்கே கேட்கலாம். பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகும் முன் கல்யாணப் பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. நடந்து முடிந்திருந்தாலும், உரிய வயது வந்தபின் இரண்டு ஆண்டுக்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. விளம்பரங்களில் வரும் வார்ப்புகளுக்கு எதிராக விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. யாரும் புகார் செய்யலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, வேலையைப் பிள்ளைகளுக்கு முறைவைத்துப் பிரித்துத் தருவது. ஞாயிற்றுக்கிழமை சோறு வடிப்பது பையன் முறை, மின்விசிறி துடைப்பதும் கடைக்குப் போவதும் பெண் முறை, மறுவாரம் மாற்றம். பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்றால் அப்பா ஒருமுறை வடித்துக் காட்ட வேண்டியிருக்கும். பல வீடுகளில் சிக்கல் அங்கேதான் தொடங்கும்.