பக்கவாதம்: வாசலுக்கும் ஊசிக்கும் இடையே

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழக்கின்றன. இதையே பக்கவாதம் என்கிறோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் கணக்கிடப்பட்டது.

கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதன் பயனை 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிலைநாட்டியது. நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு நன்மை.

அப்படியானால், நோயாளி வந்தவுடனேயே ஊசி போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கூடாது. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் வெளியில் தெரியும் அறிகுறிகள் இவையே. கசிவு உள்ளவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நேரம் வீணாவது இங்கேதான். நோயாளி வந்த பிறகு மருத்துவரை அழைப்பது, அதன் பிறகு நோய் வரலாற்றைக் கேட்பது, ஒரு படுக்கையிலிருந்து மற்றொரு படுக்கைக்கு மாற்றுவது, ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திருப்பது எனப் பல தடைகள். தனித்தனியே பார்த்தால் இவை சில நிமிடங்களே. சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனையில் 1998-இல் வாசலுக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட நேரம், இடைநிலை அளவாக, 105 நிமிடங்கள். 2011-இல் அது 20 நிமிடங்களாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இதற்குக் காரணமன்று. வேலைகளின் வரிசையை மாற்றியதே காரணம். ஆம்புலன்ஸ் வழியிலிருக்கும்போதே செய்தி வந்துவிடும். நோயாளியை அதே தள்ளுபடுக்கையில் நேரே ஸ்கேன் அறைக்குக் கொண்டு செல்வார்கள். இன்றியமையாத இரத்தப் பரிசோதனையை அருகிலேயே செய்வார்கள். ஸ்கேன் மேசையிலேயே முதல் ஊசி போடப்படும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மருத்துவமனை ஒன்றும் 2012-இல் இம்முறையைப் பின்பற்றியது. நான்கே மாதங்களில், அலுவல் நேரத்தில் 43 நிமிடங்கள் 25 ஆயின. ஆனால் இரவிலும் விடுமுறை நாட்களிலும் 67 நிமிடங்கள் 62 ஆனதோடு சரி! நல்ல முறையை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அதைச் செயற்படுத்தும் குழு எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. நோயோ கடிகாரம் பார்த்து வருவதில்லை.

வாசகர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் மருந்துகளின் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். எனவே தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள். சற்றுப் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள். வாசலுக்குள் நடப்பதை மருத்துவமனைதான் திருத்த வேண்டும். வாசலை அடையும் வரையுள்ள நேரம் நம் கையில் இருக்கிறது.