வாதம் முடிந்தது, தீர்ப்பு எப்போது?

காப்புரிமை வழக்கொன்றில் சாட்சியங்களும் வாதங்களும் முடிந்த பிறகு நீதிபதி தீர்ப்புச் சொல்ல எவ்வளவு காலம் எடுக்கலாம்? இந்தியாவில் இதற்கு எழுத்திலேயே விடை உண்டு. வாதங்கள் முடிந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம். 2023 ஜூனில் இயங்கத் தொடங்கிய ஐரோப்பாவின் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தின் இலக்கு ஆறு வாரங்கள். அங்கே எழுத்துமூல வாதங்கள் முன்னரே முடிந்துவிடுகின்றன. வாய்மொழி விசாரணையை ஒரே நாளில் முடிக்கவே முயல்கிறார்கள்.

90 நாட்கள் கடந்தால் என்ன நடக்கும் என்று இந்திய விதி சொல்வதில்லை. காப்புரிமையோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்கள், அவ்வளவுதான். நீதிமன்றத்தில் கழியும் காலமும் அதற்குள்தான் அடக்கம்.

ரோஷ் – சிப்லா வழக்கின் திகதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் இதன் பாரம் எனக்கு விளங்கியது. நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோடினிப் மருந்துக்கு இந்தியாவில் 1996 மார்ச்சில் விண்ணப்பிக்கப்பட்டது. காப்புரிமை கிடைத்தது 2007இல். ரோஷின் மாத்திரை ஒன்று சுமார் 4,800 இந்திய ரூபாய். சிப்லா அதையே சுமார் 1,600 ரூபாய்க்கு விற்கத் தொடங்க, 2008 ஜனவரியில் ரோஷ் டில்லி மேல் நீதிமன்றம் சென்றது.

அதே ஆண்டு மார்ச்சில் நீதியரசர் ரவீந்திர பட் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். உயிர்காக்கும் மருந்தின் விலை வித்தியாசமும் அவர் கருத்தில் எடுத்த விடயங்களில் ஒன்று. பிறகு முழு விசாரணை. ஒரே மூலக்கூறின் வெவ்வேறு பளிங்கு வடிவங்களைப் பற்றிய சர்ச்சை அது. இரசாயனம் படிக்காத நீதிபதியும் நிபுணர்களின் சாட்சியத்தை எடைபோட்டே ஆகவேண்டும். 2012 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது: காப்புரிமை செல்லும், ஆனால் சிப்லா அதை மீறவில்லை. 2015 நவம்பரில் இரு நீதியரசர் அமர்வு அதை மாற்றி, சிப்லா மீறியது என்றது. அப்போது காப்புரிமைக்கு மிஞ்சியிருந்தது நான்கு மாதங்கள். அதனால் விற்பனைக்குத் தடை விதிக்கவில்லை. சிப்லா ஈட்டிய இலாபத்தைக் கணக்கிடவே உத்தரவிட்டது.

வென்றது ரோஷ். ஆனால் அந்த ஏழரை வருடங்களும் நோயாளிகளுக்கு மலிவான மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. 2008இல் தடை விதிக்கப்பட்டிருந்தால் இதே தாமதம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். இறுதியில் சிப்லாவே வென்றிருந்தாலும், இடையில் மருந்து வாங்க முடியாமல் போனவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதையும் திருப்பிக் கொடுத்திருக்காது. ஆகவே 90 நாள் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு நீதிபதிகளை எடைபோடுவது எனக்கு உவப்பில்லை. அது அளப்பது கடைசிக் கட்டத்தை. அவசரமாக எழுதிய தீர்ப்பு மேன்முறையீட்டில் கவிழ்ந்தால் இன்னும் சில வருடங்கள் போகும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் காப்புரிமைக்குக் கொடுப்பது அதே 20 வருடங்கள். நமது மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது.