கீச்சுக்கும் கரகரப்புக்கும் நடுவே

சிங்கப்பூரில் ஈசூன் இண்டஸ்ட்ரியல் பார்க் ஏ என்ற ஒரே சாலைக்குள் நம் வீட்டுக் காரின் வாழ்க்கை பெரும்பாலும் அடங்கிவிடும். 10ஆம் எண்ணில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 501ஆம் எண்ணில் விகாம் வாகனச் சோதனை நிலையம். அக்கம்பக்கத்திலேயே கார்ப் பட்டறைகள். புதுக் கார் வாங்கினால் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நமக்கு மனம் ஆறாது. விகாமுக்குப் போகச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். பட்டறைக்கு மட்டும், சத்தம் வந்த பிறகுதான் போகிறோம். அதுவும் முதல் சத்தத்துக்குப் போவதில்லை.

காருக்கு மூன்று வயதானதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். அதில் தேறிவிட்டால் அடுத்த சோதனை வரை பிரேக்கைப் பற்றிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அங்கே சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி, பெடலை மிதித்து, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடமும் வலமும் சமமாக இருக்கின்றனவா என்று அளக்கிறார்கள். தேய்ந்து மூன்று மில்லிமீட்டரே மிஞ்சியிருக்கும் பிரேக் பேடும் உருளைமேல் புதுப் பேடைப் போலவே பிடிக்கும். அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று உருளை சொல்லாது.

புதிய பிரேக் பேடில் உராய்வுப் பொருள் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேயும்போது, பேடோடு பொருத்தப்பட்ட மெல்லிய எஃகு நாக்கு ஒன்று சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசிக் 'கீச்' என்று கத்தும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சில கார்களில் இதற்குப் பதில் விளக்கு எரியும். சிலவற்றில் இரண்டுமே கிடையாது. கீச்சைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் மிச்சமும் தேய்ந்து, பேடின் முதுகிலுள்ள இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கும். அதுதான் கரகரப்பு. கீச்சோடு பட்டறைக்குப் போனால் பேடுக்கு மட்டும் செலவு. கரகரப்போடு போனால் டிஸ்க்கும் சேரும். சூட்டில், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் ரப்பர் வளையம் வெந்திருந்தால் அதுவும்.

1902இல் பிர்மிங்காமில் பிரெட்ரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தபோது, உலோகத் தட்டைப் பிடித்தது தாமிரம். உலோகத்தோடு உலோகம் உரசிய அலறலைச் சகிக்க முடியவில்லை. பேடைத் தேய்த்துத் தீர்த்தவர் காசு கொடுத்து அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகிறார், அவ்வளவுதான்.

எல்லாக் கரகரப்பும் பேட் தீர்ந்ததால் வருவதல்ல. மழையில் நனைந்து திறந்தவெளியில் நின்ற காரின் டிஸ்க்கில் மறுநாள் காலை துரு படர்ந்திருக்கும். நாலைந்து முறை மிதித்தால் போய்விடும். டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டினால், பிரேக்கைத் தொடாதபோதும் காதைக் கிழிக்கும். மெல்லப் பின்னோக்கி நகர்த்தினால் சில வேளை விழுந்துவிடும். வேகம் கூடக்கூட ஏறி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மாறும் முனகல் என்றால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வந்து, பெடல் வழியாகப் பாதத்திலும் அதிர்ந்தால், அது நாம் பயப்படும் சங்கதியேதான்.

கேட்டுப் பார்க்க நம் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தை விட்டால் நல்ல இடம் கிடையாது. வானொலியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, சுவரோரமாகச் சரிவில் நடை வேகத்தில் இறங்குங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். பின்னால் ஒருவரை உட்காரவைத்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். ஆனால் காரைப் பிரித்து வேலை பார்ப்பதை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

டார்ச் அடித்தால் சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் வெளிப்பக்கப் பேட் தெரியும். உள்பக்கத்தது தெரியாது. ஏமாற்றுவது அதுதான். காலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் கிரீஸ் வற்றி இறுகிவிட்டால், உள்பேட் இரும்பு வரை தேய்ந்திருக்க, வெளிப்பேட் பாதி கனத்தோடு நன்றாகவே காட்சி தரும். ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல் சொல்லும் தீர்ப்பு எதையும் ஏற்காதீர்கள், அவர் எவ்வளவு பழைய மெக்கானிக்காக இருந்தாலும் சரி. ஹைபிரிட் கார்களில் இந்த இறுக்கம் சாதாரணம். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் தேய்வது குறைவு. உழைக்காமலே டிஸ்க் துருவேறும், ஊசி பிடித்துக்கொள்ளும்.

பட்டறையில் டிஸ்க்கின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவுக்குக் கீழே தேயக் கூடாது என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போய்விட்டால் கடைந்து மழமழப்பாக்குவது பலனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். ஊசிகளைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் பூசியதையும் பாருங்கள்.

பிரேக் எண்ணெயும் இதில் சேர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை எண்ணெய் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈசூனுக்கும் தேக்காவுக்கும் போய்வரும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. பள்ளி விடுமுறையில் ஜோகூர் பாலம் தாண்டி கெந்திங் மலைக்கு ஏறி, குடும்பத்தையும் பெட்டிகளையும் சுமந்து இறங்கும்போது தெரியும்: எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதித்த பெடல் பஞ்சாக இறங்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்கவிடுங்கள்.

பேட் மாற்றிய காரின் முதல் மிதி வெறுமையாகப் போகலாம். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். பெடல் இறுகும்வரை பல முறை மிதித்த பிறகே நகர வேண்டும்.

"சிஓஇ முடிய இன்னும் ஆறே மாசம்தான் அண்ணே, ஸ்கிராப்புக்குப் போற வண்டிக்கு எதுக்குப் புதுப் பேட்?" வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) முடியப்போகிறவர்களிடம் இந்தக் கணக்கைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். ஆறு மாதம் கழித்து ஸ்கிராப்புக்குப் போகும் காரில்தான் நாளைக் காலை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மற்றச் செலவுகளைத் தள்ளிப்போடுங்கள், இதை வேண்டாம்.

கரகரப்போடு பெடலும் தாழ்ந்து, கார் ஒரு பக்கம் இழுத்தால், சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறாமல் இழுவை வண்டியை அழையுங்கள். ஏறிய பிறகு வண்டி நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி விரைவுச்சாலையிலிருந்து அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து பட்டறைக்கு ஆகும் செலவு உங்களுடையது.